பட்டு நூலும் ஐந்தாம் எண்ணும்

நுவரெலியாவின் ஓடைகளுக்கு ட்ரவுட் மீன் கப்பலேறி வந்தது, முட்டையாக. 1880களில் ஆங்கிலேயர்கள் பிரவுண் ட்ரவுட் முட்டைகளைத் தருவித்து, இங்கே பொரிக்க வைத்து, குளிர்ந்த நீரில் விட்டார்கள். அது வளர்ந்தது, ஆனால் இந்த மண்ணில் வேர்விடவில்லை. அதன் பின்னால் வந்த ரெயின்போ ட்ரவுட்தான் ஹோட்டன் சமவெளியின் ஓடைகளில் தானாகவே இனம் பெருக்கி நிலைத்தது. 1896இல் சிலோன் ஃபிஷிங் கிளப் உருவானது. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு, கொழுந்துக் காலத்தின் ஓய்வு நாட்களில் தேயிலைத் தோட்டத் துரைமார் தடியும் கூடையுமாக ஓடைக்கரைக்குப் போனார்கள்.

அவர்கள் கையிலிருந்தது பொய் ஈ கட்டிய தூண்டில். மண்புழுத் தூண்டிலில் நுனியில் கட்டிய ஈயக்குண்டு நூலை இழுத்துக்கொண்டு பறக்கும். இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய் ஈக்கோ எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே இங்கே வீசப்படுவது நூல்தான்; ஈ அதன் பின்னால் போகிறது. நூலின் எடை தடியை வளைக்க வேண்டும், வளைந்த தடி நிமிரும்போது நூலைத் தள்ள வேண்டும். நூல் இலேசானால் தடி அசையாமல் நிற்கும். நூல் கனத்தால் தடி துவண்டுவிடும். இரண்டுக்கும் இடையிலுள்ள பொருத்தத்தைக் கண்டுபிடிக்கும் வழிதான் அன்றைக்கும் இன்றைக்கும் இடையில் முழுதாக மாறிப்போனது.

அன்றைய நூல் பட்டு. பின்னிய பட்டில் எண்ணெய் ஊட்டிக் காயவைத்துச் செய்தது. அதற்கு எண் கிடையாது, எழுத்துதான் உண்டு. ஏ என்றால் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 60 பங்கு தடிமன். எழுத்து ஒன்று இறங்க இறங்க ஐந்து பங்கு குறையும்: சி 50, டி 45, இ 40, எச் 25. இரு முனையும் மெலிந்து நடு பருத்த நூலை எச்-டி-எச் என்று மூன்று எழுத்தால் குறிப்பார்கள். இது தடிமனைச் சொல்லும் கணக்கு, எடையை அல்ல. எல்லா நூலும் பட்டாக இருந்தவரை அதனால் குறை வரவில்லை. தடிமன் தெரிந்தால் எடையும் ஏறக்குறையத் தெரிந்ததுதான். இன்ன தடிக்கு இன்ன நூல் என்பதைத் தயாரிப்பாளரின் விலைப்பட்டியல் சொன்னது, மிச்சத்தைக் கை சொன்னது.

தடி மூங்கில். தென்சீனத்து டொன்கின் மூங்கிலைக் கீறி, ஆறு பட்டைகளை முக்கோணமாகச் சீவி ஒட்டிச் செய்வது. அல்ன்விக் நகரில் 1872இல் தொடங்கிய ஹார்டி நிறுவனம் அதைப் ‘பாலகோனா’ என்ற பெயரில் விற்றது. ஒன்பதடித் தடி 150 கிராமை எட்டும். இன்றைய கார்பன் இழைத் தடி அதே நீளத்தில் 90 கிராம் அளவில் நின்றுவிடுகிறது. நாள் முழுக்க வீசும் மணிக்கட்டுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

பட்டு நூலுக்குப் பணிவிடை அதிகம். காலையில் கொழுப்புத் தடவினால்தான் மிதக்கும்; நண்பகலுக்குள் நீர் ஊறி அமிழத் தொடங்கும்; துடைத்து மறுபடி தடவ வேண்டும். மாலையில் ரீலிலிருந்து முழுவதையும் கழற்றி, மரச்சட்டத்தில் தளரச் சுற்றி உலர்த்த வேண்டும். ஈரத்தோடு விட்ட பட்டு இற்றுப்போகும். தென்மேற்குப் பருவக்காற்றில் வாரக்கணக்காக வெயில் காணாத நுவரெலியாவில் இது சிறிய வேலையல்ல. ஆனால் இப்படிப் பேணிய பட்டு நூல் பல பத்தாண்டுகள் உழைத்தது. இன்றைய பிளாஸ்டிக் பூசிய நூலைச் சவர்க்கார நீரில் துடைத்தால் போதும். அது சில ஆண்டுகளில் வெடித்துப்போனால் அவ்வளவுதான், திருத்த வழியில்லை. அட்டை கடிக்காமல் காலுக்குப் பூசும் மருந்து சிலவற்றில் டீட் என்ற இரசாயனம் உண்டு. அது பட்ட விரலால் நூலைத் தொட்டால் பூச்சு இளகிவிடும். அட்டை நிறைந்த இந்த ஓடைக்கரைகளில் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

எழுத்துக் கணக்கைக் கவிழ்த்தது நைலோன். ஒரே தடிமனில் நைலோன் பட்டைவிட இலேசு. டி என்று எழுதிய நைலோன் நூல் டி எழுத்துக்கான தடியை வளைக்கவில்லை. பிறகு பிளாஸ்டிக் பூச்சு வந்தது. அதே எழுத்து இன்னோர் எடையைக் காட்டியது. அமெரிக்கத் தயாரிப்பாளர் சங்கம் 1960களின் தொடக்கத்தில் தடிமனை விட்டுவிட்டு எடையையே அளவாக்கியது. நூலின் முதல் 30 அடியை நிறுத்து, கிரெய்ன் கணக்கில் ஓர் எண் கொடுத்தார்கள். நான்காம் எண் 120 கிரெய்ன், ஐந்து 140, ஆறு 160, ஏழு 185, எட்டு 210. ஐந்தாம் எண்ணின் 140 கிரெய்ன் ஏறக்குறைய ஒன்பது கிராம். தடியிலும் அதே எண்ணைப் பொறித்தார்கள். பழைய பட்டின் எச்-டி-எச் ஏறத்தாழ ஆறாம் எண்ணாகவும், எச்-இ-எச் ஐந்தாகவும் மாறின.

இதை நான் பெரிய நன்மையாகவே கருதுகிறேன். அன்றைய பொருத்தம் விலைப்பட்டியலிலும் கிளப்பின் பேச்சிலும் அடங்கியிருந்தது. ஓடையில் மீன்பிடிக்கும் உரிமம்போல அந்த அறிவும் துரைமாரோடு நின்றது. லயத்துப் பிள்ளைகளிடம் இருந்தது மூங்கில் கம்பும் தங்கூசியும் மண்புழுவும்தான். கம்புநுனி எவ்வளவு மெலிந்தால் எந்த மீனின் கடி தெரியும் என்று அவர்களுக்கும் ஒரு பொருத்தம் தெரியும். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போனது. இதற்கிடையில் துரைமாரின் பொழுதுபோக்கு சுருங்கிவிட்டது. இன்று அக்கரபத்தனையில் ஓர் இளைஞன் தடியும் நூலும் வாங்கினால், இரண்டிலும் 5 என்று இருக்கிறதா என்று பார்த்தால் தொடங்கிவிடலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த எண்ணின் பின்னால் 30 அடி என்ற ஒரு நிபந்தனை இருக்கிறது. கிறகரி வாவியிலோ காசல்ரீ நீர்த்தேக்கக் கரையிலோ அவ்வளவு நூலை வெளியே விட இடமுண்டு. உயர்நில ஓடைகள் பல இடங்களில் ஒரு தாவலில் கடக்கும் அகலமே உள்ளவை. இருபுறமும் புல்லும் மூங்கில் புதரும். அங்கே தடிநுனிக்கு வெளியே பதினைந்தடி நூல் போனாலே அதிகம். முனை மெலிந்திருப்பதால் அந்தப் பதினைந்தடியின் எடை ஒன்பது கிராமில் பாதிகூட வராது. தூர வீச்சுக்கென்று விறைப்பாகச் செய்த கார்பன் தடி அதற்கு வளைந்து கொடுக்காது. ஐந்தாம் எண் தடிக்கு அங்கே ஆறாம் எண் நூலே பொருந்தும், சில தடிகளுக்கு ஏழும். நூல் செய்பவர்களும் இதை அறிந்து, ஐந்து என்று எழுதிய பெட்டிக்குள் ஐந்தரை எடையும் ஆறு எடையும் வைத்து விற்கிறார்கள். ஆகவே எண்ணைவிடப் பெட்டியில் உள்ள கிரெய்ன் கணக்கை நம்புவதே நல்லது.

மூங்கில் தடிக்கு இந்தத் தொல்லை குறைவு. அது தன் எடையாலேயே மெல்ல வளைவது, பத்தடி நூலுக்கும் அசைந்து கொடுக்கும். பட்டு நூல் மிதக்கும் பிளாஸ்டிக்கைவிட அடர்த்தியானது. அதே எடைக்கு மெலிந்திருப்பதால் சமவெளியின் எதிர்காற்றை அறுத்துக்கொண்டு போகும். பிளாஸ்டிக் மிதப்பதற்காக அதன் பூச்சில் நுண்ணிய காற்றுக் குமிழிகளைச் சேர்க்கிறார்கள், அதனால் அது பருத்துக் காற்றில் தடுமாறுகிறது. குறுகிய ஓடைக்கும் காற்றுக்கும் பழைய சோடி இயல்பாகப் பொருந்தியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஓய்வுபெற்ற தோட்ட உத்தியோகத்தர் ஒருவர் வீட்டில் எண்ணில்லாத ஒரு மூங்கில் தடியைப் பார்த்தேன். பிடியின் தக்கை கறுத்திருந்தது, வளையங்களைக் கட்டிய பட்டு இழை ஓரிடத்தில் பிரிந்திருந்தது. அதற்கு நூல் தேடும் வழி இன்று எளிது. தடியின் பிடியை மேசையில் கிடையாக இறுக்கி, நுனியில் ஒரு பொலித்தீன் பையைத் தொங்கவிட்டு, தடி நீளத்தின் மூன்றிலொரு பங்கு தாழும்வரை நாணயங்களைப் போட வேண்டும். பிறகு பையை நிறுத்து, எண் தெரிந்த தடியொன்றின் எடையோடு ஒப்பிட்டால் போதும். பில் ஹனெமன் என்ற அமெரிக்கர், ஒரு சென்ற் நாணயங்களை வைத்து வகுத்த முறை இது. ஆனால் பழைய ஒட்டுப்பசையை நம்பி முழுப் பாரத்தையும் ஏற்ற எனக்குத் துணிவு வரவில்லை. ஐந்தாம் எண் நூலை மாட்டி முற்றத்தில் வீசிப் பார்த்தோம். இருபதடியில் தடி அடிவரை வளைந்து நிமிர்ந்தது. ஆறு தேவைப்படவில்லை.

அதை ஓடைக்குக் கொண்டுபோவது வேறு விஷயம். ஹோட்டன் சமவெளி 1969இல் சரணாலயமாகி, 1988இல் தேசியப் பூங்காவாகி, 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. வேட்டைக்கும் தூண்டிலுக்கும் வந்தவர்கள் தங்கிய ஃபார் இன் இப்போது பார்வையாளர் நிலையம். அன்று பெருமையோடு வளர்த்த ரெயின்போ ட்ரவுட் இன்று அந்நிய இனம். இந்த ஓடைகளுக்கே உரிய சிறு நன்னீர் இறாலை உண்ணும் மீன் என்று ஆய்வாளர்கள் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. தோட்டங்களின் அணைக்கட்டுகளிலும் பூங்காவுக்கு வெளியே தாழ ஓடும் ஆறுகளிலும்தான் இனி இந்தத் தூண்டிலுக்கு இடம் இருக்க வேண்டும். அகலமான நீருக்கு ஐந்தாம் எண் தடியும் ஐந்தாம் எண் நூலும் சரியாகவே பொருந்தும்.