ஒரே தகடு, இரண்டு இருட்டு: ரெம்பிராண்டின் 'மூன்று சிலுவைகள்' அச்சில் என்ன நடந்தது?

மொபைலில் போட்டோ எடிட் செய்யும்போது 'பிரைட்னஸ்' பட்டையைக் கொஞ்சம் இடது பக்கம் இழுத்தாலே படத்தின் மூடு மாறிவிடும். பிடிக்கவில்லையா? உடனே 'அன்டூ'. 17-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்து ஓவியர் ரெம்பிராண்ட் (1606–1669) இதையே ஒரு செப்புத் தகட்டில் செய்தார். ஆனால் அவரிடம் 'அன்டூ' கிடையாது.

அச்சில் வெளிச்சம் எப்படி வருகிறது?

எண்ணெய் வண்ண ஓவியத்தில் வெளிச்சம் வேண்டுமென்றால் வெள்ளை நிறத்தைப் பூசலாம். இந்த வகை அச்சில் கறுப்பு மை மட்டும்தான். வெளிச்சம் என்பது மை படாமல் விட்டுவைத்த வெறும் காகிதம்.

இதற்கு ரெம்பிராண்ட் முக்கியமாக இரண்டு முறைகளைப் பயன்படுத்தினார். ஒன்று, எட்சிங். தகட்டின் மேல் மெழுகு கலந்த பூச்சைத் தடவி, ஊசியால் வரைந்து, அமிலத்தில் வைப்பார்கள். ஊசி கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். இன்னொன்று, ட்ரைபாயின்ட். இதில் அமிலம் கிடையாது. கூர்மையான ஊசியால் செம்பை நேரடியாகக் கீற வேண்டும்.

அப்படிக் கீறும்போது கோட்டின் ஓரத்தில் உலோகப் பிசிறு எழும்பி நிற்கும். ஒர்க்‌ஷாப்பில் பிசிறு வேண்டாத பொருள், தேய்த்து எடுத்துவிடுவார்கள். ரெம்பிராண்டுக்கோ அதுதான் பொக்கிஷம். அதில் மை தங்கி, வெல்வெட் போன்ற மெத்தென்ற கறுப்பைத் தரும். சிக்கல் என்னன்னா, அச்சு இயந்திரத்தின் அழுத்தத்தில் பிசிறு சீக்கிரம் நசுங்கிவிடும். அடர்த்தியான நிழல் முதல் சில பிரதிகளுக்கு மட்டும்தான் கிடைக்கும்.

மையைத் துடைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. வழக்கமாகத் தகட்டை நன்றாகத் துடைத்துவிட்டு அச்சிடுவார்கள். இவரோ பல நேரம் மெல்லிய மைப்படலத்தை அப்படியே விட்டுவிடுவார். அதனால் ஒரே தகட்டில் எடுத்த இரண்டு பிரதிகளில், ஒன்று மாலை நேரம் போலவும் மற்றது நள்ளிரவு போலவும் இருக்கும்.

'மூன்று சிலுவைகள்': முதல் வடிவம்

இயேசு இறந்தபோது நண்பகல் முதல் பிற்பகல் 3 மணிவரை இருள் சூழ்ந்ததாக லூக்கா நற்செய்தி சொல்கிறது. அந்தக் காட்சியை, ஏ3 தாளைவிடச் சற்றே பெரிய தகட்டில், ட்ரைபாயின்ட்டையே பிரதானமாக வைத்து ரெம்பிராண்ட் செதுக்கினார்.

மேலிருந்து கூம்பு போல வெளிச்சம் இறங்குகிறது. நடுவில் இயேசு. சிலுவையின் கீழே ரோமப் படையின் நூற்றுவர் தலைவர் மண்டியிட்டிருக்கிறார். அழுகிறவர்கள், பயந்து ஓடுகிறவர்கள் என ஒவ்வொருவரையும் தனித்தனியாக அடையாளம் காண முடிகிறது. தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திய அவர், மூன்றாம் நிலையில் தன் கையெழுத்தையும் 1653 என்ற ஆண்டையும் பொறித்தார். பொதுவாக, வேலை முடிந்தது என்பதற்கான அடையாளம் அது.

அப்புறம்தான் திருப்பம்

1656-இல் ரெம்பிராண்ட் திவால் ஆனார். வீடும், சேர்த்துவைத்த கலைப்பொருட்களும் கைவிட்டுப் போயின. அதற்குப் பிறகு, சுமார் 1660 வாக்கில், அதே தகட்டை மறுபடி கையில் எடுத்தார்.

கூட்டத்தில் இருந்த பல உருவங்களைச் சுரண்டி எடுத்தார். மேலிருந்து கீழாக, சாய்வாக, அடர்ந்த கோடுகளை இழுத்தார். வலது பக்கச் சிலுவையில் இருந்த கள்வன் ஏறக்குறைய இருட்டுக்குள் மறைந்துபோனான். இடது பக்கம் உயரமான தொப்பியுடன் புதிதாக ஒரு குதிரை வீரர் வந்தார். இத்தாலியக் கலைஞர் பிசனெல்லோ 15-ஆம் நூற்றாண்டில் செய்த பதக்கத்தில் இருக்கும் உருவத்தின் சாயல் அது.

இது சும்மா டார்க் மோடு அல்ல. கதையின் தருணமே மாறிவிடுகிறது. நற்செய்தியில் முதலில் இருள், பிறகு மரணம், அதன்பின் நூற்றுவர் தலைவரின் சாட்சி. முதல் வடிவத்தில், "இவர் நேர்மையாளர்" என்று ஒருவர் உணரும் அந்தக் கடைசிக் கட்டம் இருக்கிறது. பிந்தைய வடிவம், யாருக்கும் எதுவும் புரியாத அந்த இருட்டு நேரத்துக்கே திரும்பிப் போகிறது. நம்பிக்கைக்கு முந்தைய குழப்பம் என்று இதைப் படிக்கலாம். பழைய காட்சி தகட்டிலிருந்து போயே போய்விட்டது. முன்பே எடுத்த பிரதிகளில் மட்டும்தான் அது உயிரோடு இருக்கிறது.

எங்கே பார்க்கலாம்?

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம் ஆகியவற்றின் இணையதளங்களில் ரெம்பிராண்டின் அச்சுகளை இலவசமாகப் பார்க்கலாம். இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்து திறந்து, வலது பக்கச் சிலுவையை ஜூம் செய்யுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

நேரம் இருந்தால் 'நூறு கில்டர் அச்சு' (சுமார் 1648) என்ற படத்தையும் தேடுங்கள். நோயாளிகள் இயேசுவிடம் வரும் காட்சி அது. அந்தக் காலத்தில் ஓர் அச்சுக்கு மிகப் பெரிய தொகை என்பதால் விலையே பெயராக ஒட்டிக்கொண்டது. அதில் இயேசுவின் அங்கியை மட்டும் உற்றுப் பாருங்கள். கும்பிடும் ஒரு நோயாளிப் பெண்ணின் கைகளுடைய நிழல் அதன்மேல் விழுந்திருக்கும். அவளால் எழுந்து போய்த் தொட முடியவில்லை. அவள் நிழல் தொட்டுவிட்டது.