ஓய்வு பெற்றோருக்கு எந்த மருத்துவக் காப்பீடு?

"மகன் தனியார் பாலிசி எடுத்துத் தருகிறேன் என்கிறான், அரசு அட்டையை விட்டுவிடலாமா?" எமது மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கீழ் கோத்தகிரிப் பகுதியிலிருந்து வரும் முதியோர் அடிக்கடி எழுப்பும் வினா இது. விட வேண்டியதில்லை. ஒன்றைப் பெற மற்றொன்றைத் துறக்க வேண்டும் என்ற எண்ணமே பெரும்பாலும் தவறானது.

முதலில், கையில் ஏற்கெனவே உள்ள உரிமை எது என்று பார்ப்போம். தோட்டத் தொழிலாளருக்கு 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி எஸ்டேட் நிர்வாகமே மருத்துவ வசதி அளித்து வந்தது. பணி ஓய்வுடன் அவ்வுரிமை முடிகிறது. ஆகவே கடைசி மாதச் சம்பளத்துக்கு முன்பே முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையைப் பெற்றுவிடுதல் நலம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் தேவை. இது அரசு மருத்துவமனைக்கு மட்டுமான அட்டை என்று பலர் கருதுகின்றனர். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். ஐயங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

தேயிலைத் தொழிற்சாலையில் இ.எஸ்.ஐ. பிடித்தத்துடன் பணியாற்றியோர் கேட்காமலே இழக்கும் சலுகை ஒன்று உண்டு. குறைந்தது 5 ஆண்டுகள் காப்பீட்டில் இருந்து வயது முதிர்வால் ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் துணைவருக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவத்தைத் தொடரலாம். இவ்வளவு மலிவான காப்பீட்டை எந்த நிறுவனமும் விற்பதில்லை.

அரசு ஓய்வூதியரின் நிலை வேறு. அவர்களுக்குரிய 2022ஆம் ஆண்டுத் திட்டத்தின் 5 லட்சம் என்பது ஓராண்டுக்கன்று, நான்காண்டுக்கு. இதை அறியாமல் முதல் அறுவைச் சிகிச்சையிலேயே பெரும்பகுதியைச் செலவிடுவோர் உண்டு. மேலும், 70 வயது நிரம்பியோருக்கு வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் வழங்கும் திட்டத்தை மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கியது. தனியார் பாலிசியோ இ.எஸ்.ஐ.யோ வைத்திருப்போரும் இதற்குத் தகுதியுடையோரே. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் போன்ற சில மத்திய அரசுத் திட்டங்களில் இருப்போர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனி தனியார் பாலிசி. 65 வயதுக்கு மேற்பட்டோருக்கும் பாலிசி வழங்க 2024 ஏப்ரல் முதல் வழி பிறந்துள்ளது. முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலமும் அதிகபட்சம் 4 ஆண்டுகளிலிருந்து 3 ஆண்டுகளாகக் குறைந்தது. எனினும் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ள 66 வயதுப் பெரியவர், அவற்றால் வரும் இதய நோய்க்கு மூன்றாண்டு வரை பணம் கிடைக்காமலிருக்கக்கூடும் என்பதை அறிந்தே கையெழுத்திட வேண்டும். நோயை மறைத்து விண்ணப்பிக்கும்படி முகவர் கூறினால், அவரிடம் பாலிசி வாங்காதீர்கள்.

அறை வாடகை வரம்பையும் கவனியுங்கள். நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரம்புள்ள பாலிசியில் 10,000 ரூபாய் அறையில் தங்கினால், வாடகையில் மட்டுமன்றி மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் ஆகியவற்றிலும் பாதி உங்கள் தலையில் விழலாம். முதியோர் பாலிசிகள் பலவற்றில், மொத்தச் செலவில் ஒரு பங்கை நோயாளியே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. பிரீமியம் ஆண்டுதோறும் உயரும். 2025 ஜனவரி ஆணைப்படி, ஒழுங்காற்று ஆணையத்தைக் கலந்தாலோசிக்காமல் முதியோருக்கு ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த இயலாது.

எமது கருத்து இதுதான்: அரசு அட்டை உள்ள குடும்பம் கடன் வாங்கித் தனியார் பிரீமியம் கட்ட வேண்டாம். வருமான வரம்பைத் தாண்டியவரும் 70 வயதை எட்டாதவருமே தனியார் பாலிசியை முதன்மையாகக் கருத வேண்டியவர்கள். எதுவாயினும், ஊட்டியிலும் மேட்டுப்பாளையத்திலும் கோயம்புத்தூரிலும் எந்தெந்த மருத்துவமனைகள் அதை ஏற்கின்றன என்று எழுதி, அட்டையின் நகலுடன் வீட்டில் எல்லோரும் அறிந்த இடத்தில் வையுங்கள். இரவில் மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் இறங்கும்போது அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.