ஒரு புட்டி பீருக்கு இத்தனை ஓட்டமா?

பெல்ஜியம் தேசத்தின் மேற்குக் கோடியில், பிரெஞ்சு எல்லைக்கு அருகே, வெஸ்ட்வ்லெட்டரன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சுற்றிலும் வயல்கள். மாடுகள் மேயும் புல்வெளிகள். உயரமான கம்பங்களில் படர்ந்து நிற்கும் ஹாப்ஸ் கொடிகள். ஊருக்கு வெளியே செயிண்ட் சிக்ஸ்டஸ் என்ற கத்தோலிக்க மடம். அங்கே வாழும் துறவிகள் அதிகம் பேசமாட்டார்கள். விடிவதற்கு வெகு நேரம் முன்பே எழுந்து ஜெபம் செய்வார்கள்.

2005-ம் ஆண்டில் இந்த அமைதியான மடத்தின் வாசலில் திடீரென்று கார்கள் வந்து குவிந்தன. வயல்வெளிச் சாலை நெடுகக் கியூ. அக்கம்பக்கத்து விவசாயிகள் டிராக்டரை ஓட்டிப் போக வழியில்லாமல் தவித்தார்கள்.

புனித தரிசனத்துக்கு வந்த கூட்டமா? இல்லை. பீர் வாங்க வந்த கூட்டம்!

அமெரிக்காவில் பீர் ரசிகர்கள் மதிப்பெண் போட்டுவந்த 'ரேட்பீர்' என்ற இணைய தளம், இந்த மடத்துத் துறவிகள் காய்ச்சும் 'வெஸ்ட்வ்லெட்டரன் 12' என்ற பீர்தான் உலகத்திலேயே முதல் தரமானது என்று அறிவித்துவிட்டது. பத்திரிகைகள் அதை எடுத்துப் போட்டன. அவ்வளவுதான். மடத்தின் இருப்பு முழுவதும் தீர்ந்துபோயிற்று.

வேறு எந்த முதலாளியாக இருந்தாலும் என்ன செய்திருப்பார்? இன்னொரு ஆலை கட்டியிருப்பார். விலையை ஏற்றியிருப்பார். துறவிகள் இரண்டையும் செய்யவில்லை. எப்போதும் காய்ச்சும் அளவைத்தான் காய்ச்சுவோம், அதற்கு மேல் ஒரு பீப்பாய்கூடக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

மடத்தில் பீரா?

துறவிகள் பீர் காய்ச்சுவது கேட்பவருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் ஐரோப்பாவில் அது பழைய வழக்கம். செயிண்ட் சிக்ஸ்டஸ் மடத்தார் டிராப்பிஸ்ட் என்ற சபையைச் சேர்ந்தவர்கள். தங்கள் கையால் உழைத்துத்தான் உண்ண வேண்டும் என்பது அவர்களுடைய விதி. சில மடங்களில் பாலாடைக்கட்டி செய்வார்கள். சில மடங்களில் பீர்.

இந்த மடம் 1831-ல் தோன்றியது. 1838-ல் பீர் ஆலை வந்தது. முதல் உலக யுத்தத்தின்போது பெல்ஜியத்தின் பெரும் பகுதி ஜெர்மானியர் வசம் போயிற்று. மற்ற மடங்களின் செப்புக் கொப்பரைகளை எல்லாம் ஜெர்மன் ராணுவம் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. வெஸ்ட்வ்லெட்டரன் இருந்த மூலை மட்டும் எதிரியிடம் சிக்கவில்லை. ஆகவே கொப்பரையும் தப்பியது; காய்ச்சுவதும் நிற்கவில்லை.

இன்று அங்கே மூன்று வகை பீர் தயாராகிறது. 5.8 சதவீத ஆல்கஹால் கொண்ட வெளிர்நிற பீர் ஒன்று, 8 சதவீதம் கொண்ட '8', 10.2 சதவீதம் கொண்ட '12'. மூன்றாவதுக்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம். நெடுங்காலமாகப் புட்டியில் லேபிளே இருந்ததில்லை. பச்சை மூடி, நீல மூடி, மஞ்சள் மூடி: மூடியின் நிறத்தைப் பார்த்துத்தான் எது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மஞ்சள் மூடி என்றால் பன்னிரண்டு. ரசிகர்கள் கனவில் வருவது இந்த மஞ்சள் மூடிதான்!

ஆண்டு முழுவதும் காய்ச்சுவது ஐந்தாறு லட்சம் லிட்டர். இதே சபையைச் சேர்ந்த ஷிமே, வெஸ்ட்மாலே ஆகிய மடங்களின் ஆலைகள் இதைப் போலப் பல மடங்கு விற்கின்றன. அவற்றைக் கடைகளில் சாதாரணமாக வாங்கலாம். செயிண்ட் சிக்ஸ்டஸ் மடத்தாரோ, மடத்தின் செலவுக்கும் தருமத்துக்கும் எவ்வளவு தேவையோ அவ்வளவு வந்தால் போதும் என்கிறார்கள். பீருக்காகத் துறவு பூணவில்லை, துறவு வாழ்க்கை நடப்பதற்காகத்தான் பீர் என்பது அவர்கள் கட்சி.

டெலிபோன் படுத்திய பாடு

கூட்டத்தைச் சமாளிக்கத் துறவிகள் ஒரு 'பீர் டெலிபோன்' வைத்தார்கள். முதலில் போன் செய்து பதிவு செய்துகொள்ள வேண்டும். காரின் நம்பரைச் சொல்ல வேண்டும். குறித்த நாளில், குறித்த நேரத்தில், அதே காரில் வந்து மரப்பெட்டியை ஏற்றிக்கொண்டு போகலாம். ஒரு பெட்டிக்கு 24 புட்டி. அடுத்த முறை வாங்கப் பல வாரங்கள் காத்திருக்க வேண்டும். வாங்கியதை வேறொருவருக்கு விற்கக் கூடாது.

சொல்வது எளிது. போன் கிடைத்தால்தானே! காலை முழுவதும் எண்ணைச் சுழற்றிக் கை ஓய்ந்தவர்கள் ஏராளம். போன் கிடைத்தது என்பதே ஒரு வெற்றிக் கதையாகப் பேசப்பட்டது.

விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் காற்றில் பறந்தது. மடத்தில் ஒரு புட்டி அப்போது ஏறக்குறைய 2 யூரோ. 2018-ல் நெதர்லாந்தில் ஒரு மளிகைக் கடைத் தொடர், மடத்தின் அனுமதி இல்லாமலே எப்படியோ சரக்கைச் சேகரித்து ஒரு புட்டி சுமார் 10 யூரோவுக்கு விற்றது. துறவிகள் மனம் நொந்து பகிரங்கமாகவே கண்டித்தார்கள். ஐந்து மடங்கு விலையில் மடத்துக்கு ஒரு காசும் சேரவில்லை என்பது ஒரு பக்கம். நியாய விலையில் நேர்மையாகக் கியூவில் நின்றவனுக்குக் கிடைக்க வேண்டியதை இடைத்தரகன் அள்ளிக்கொண்டு போகிறானே என்பதுதான் அவர்களுக்கு உறுத்தியது.

2019-ல் டெலிபோனை நிறுத்திவிட்டு இணைய வழிப் பதிவுக்கு மாறினார்கள். அதிலும் ஒரு நல்ல ஏற்பாடு: கடைசியாக வாங்கி யாருக்கு அதிக நாள் ஆகிறதோ அவருக்கு முன்னுரிமை. நாள்தோறும் வந்து அள்ளும் தரகனுக்கு இடம் குறையும் அல்லவா?

ஒரு முறை துறவிகள் தங்கள் விதியைத் தளர்த்தினார்கள். மடத்துக் கட்டடம் பழுதாகிப் புதுப்பிக்கப் பணம் தேவைப்பட்டது. 2011-ல் பெல்ஜியத்தில் ஒரு பெரிய கடைத் தொடர் மூலம் ஆறு புட்டியும் இரண்டு கண்ணாடிக் கோப்பையும் கொண்ட பெட்டிகளை 25 யூரோவுக்கு விற்றார்கள். அத்தனையும் ஓரிரு நாளில் தீர்ந்தன. 2012 டிசம்பரில் அமெரிக்காவுக்கும் அதே பெட்டி போயிற்று. அங்கே விலை சுமார் 85 டாலர். அப்படியும் வந்த வேகத்தில் மறைந்துவிட்டது.

பக்கத்து ஊர் ரகசியம்

இங்கேதான் கதையில் ஒரு வேடிக்கை.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும், 1946-ல், அப்போதைய மடாதிபதிக்கு ஒரு கவலை வந்தது. பீர் வியாபாரம் பெருகி, ஜெபம் குறைகிறதோ என்று எண்ணினார். மடத்துக்குள் காய்ச்சுவதைச் சுருக்கிக்கொண்டு, வெளியே விற்பதற்கான உரிமையைப் பக்கத்தில் உள்ள வாட்டு என்ற ஊரில் பாலாடைக்கட்டி செய்துவந்த ஒருவருக்குக் கொடுத்தார். மடத்தில் காய்ச்சிப் பழகிய நிபுணரே அங்கே போனார். செய்முறை போயிற்று. ஈஸ்ட்டும் போயிற்று. அப்படிப் பிறந்ததுதான் செயிண்ட் பெர்னார்டஸ் என்ற பீர் ஆலை.

1992-ல் ஒப்பந்தம் முடிந்தது. மடத்துக்குள் துறவிகள் கையாலோ அவர்களுடைய மேற்பார்வையிலோ காய்ச்சினால்தான் டிராப்பிஸ்ட் என்று சொல்லலாம் என்பது விதி. ஆகவே வாட்டுக்காரர்கள் அந்தப் பெயரை விட்டுவிட்டார்கள். பீரை விடவில்லை. 'செயிண்ட் பெர்னார்டஸ் ஆப்ட் 12' என்ற பெயரில் 10 சதவீத பீர் ஒன்றை விற்று வருகிறார்கள். கியூ கிடையாது. கார் நம்பர் கேட்பதில்லை. பல நாடுகளுக்கு ஏற்றுமதியும் ஆகிறது.

பழைய மடத்து ஈஸ்ட் வழிவழியாக வாட்டு ஆலையில்தான் இன்னும் பேணப்படுகிறது. மடத்துத் துறவிகளோ, வெஸ்ட்மாலே மடத்திலிருந்து ஈஸ்ட் வாங்கிக் காய்ச்சுகிறார்கள்! அப்படியானால் எது அசல்?

இரண்டும் கறுத்த பழுப்பு நிறம். இரண்டிலும் உலர்ந்த திராட்சை, கருகிய சர்க்கரைப் பாகு இவற்றின் வாசனை வரும். கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டையும் குடித்துப் பார்த்து வாதாடியவர்கள் பலர். சிலர் மடத்துப் பீரில் ஆழம் அதிகம் என்கிறார்கள். சிலர் வித்தியாசமே தெரியவில்லை என்கிறார்கள். வாட்டு பீரே மேல் என்பவர்களும் உண்டு. பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் தம்பி கடையில் நிற்கிறான். அண்ணனைத் தேடித்தான் ஆயிரம் மைல் கடந்து வருகிறார்கள்.

நாக்கா, மனசா?

அருமையாகக் கிடைப்பது ருசியாகவும் இருக்குமா? இந்தக் கேள்வியை மனோதத்துவ அறிஞர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

1975-ல் ஸ்டீபன் வோர்ச்செலும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு ஜாடியில் பத்து பிஸ்கட். இன்னொன்றில் இரண்டே இரண்டு. எல்லாம் ஒரே அடுப்பில் வெந்த ஒரே பிஸ்கட்தான். இரண்டு இருந்த ஜாடியிலிருந்து எடுத்துத் தின்றவர்கள், அது விலை அதிகம் பெறும், மறுபடியும் வேண்டும் என்று சொன்னார்கள். ஆனால் ருசி அதிகம் என்று மட்டும் சொல்லவில்லை! ஆசைதான் பெருகியது, நாக்கு ஏமாறவில்லை.

விலை விஷயத்தில் நாக்கும் ஏமாறுகிறது. 2008-ல் கலிபோர்னியாவில் ஒரே ஒயினைப் 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்று கேட்டவர்களுக்கு அது மேலாக இனித்தது. மூளையைப் படம் பிடித்துப் பார்த்தபோது, இன்பத்தை உணரும் பகுதியே அதிகமாக வேலை செய்தது தெரிந்தது. ஆகவே அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே சுவைத்திருக்கிறது.

பாஸ்டன் பக்கத்து மதுக்கடைகளில் நடந்து, 2006-ல் வெளியான இன்னொரு சோதனை இதைவிட வேடிக்கை. பீரில் சில சொட்டு வினிகரைக் கலந்தார்கள். சொல்லாமல் கொடுத்தபோது பலருக்கு அதுவே பிடித்திருந்தது. முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுத்தால் முகம் சுளித்தார்கள். குடித்த பிறகு சொன்னால் சுளிக்கவில்லை. பெயரும் புகழும் பீருக்கு முன்பே தொண்டையில் இறங்கிவிடுகின்றன.

அமெரிக்கக் கியூ

பெல்ஜியத்தில் துறவிகள் விரும்பாமல் வந்த கியூவை, அமெரிக்காவில் சின்னச் சின்ன ஆலைகள் திருவிழாவாகவே நடத்துகின்றன. கலிபோர்னியாவில் சாண்டா ரோசா நகரில் உள்ள ரஷ்யன் ரிவர் ஆலை, 'பிளினி த யங்கர்' என்ற பீரை 2005 முதல் ஆண்டுக்கு ஒரு முறை வெளியிடுகிறது. இரண்டே வாரம். ரசிகர்கள் மணிக்கணக்கில் தெருவில் நின்று, அளந்து ஊற்றும் கோப்பையை வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறார்கள். அந்நாட்களில் ஊரில் ஓட்டல் அறைகளுக்குக் கிராக்கி.

வெர்மாண்ட் மாநிலத்தில் வாட்டர்பரி என்ற சிற்றூரின் கதை வேறு. அங்கே ஆல்கெமிஸ்ட் என்ற சிறு ஆலை 'ஹெடி டாப்பர்' என்ற பீரைக் காய்ச்சி வந்தது. 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வெள்ளம் அவர்களுடைய மதுக்கடையை அடித்துக்கொண்டு போயிற்று. அதே வாரத்தில் புது ஆலையிலிருந்து தகர டப்பாக்களில் பீர் வெளிவந்தது, புகழ் பரவியது. கார்கள் குவிந்தன. அக்கம்பக்கத்தார் முறையிட்டார்கள். 2013-ல் ஆலை வாசல் விற்பனையையே நிறுத்த வேண்டியதாயிற்று. கறுப்புச் சந்தை வேறு. அதே ஆண்டில், ஐந்து பெட்டியை 825 டாலருக்கு விற்க முயன்ற ஒரு பெண்மீது போலீஸ் வழக்குப் போட்டது! 2016-ல் ஸ்டோவ் என்ற ஊரில் பெரிய ஆலை திறந்த பிறகு நெருக்கடி தணிந்தது. பீர் மாறவில்லை. பேச்சுத்தான் குறைந்தது.

இந்த அமெரிக்கப் பீர்களுக்கு ஒரு குணம் உண்டு. ஹாப்ஸ் பூவின் மணம்தான் இவற்றுக்கு உயிர். காற்றும் வெயிலும் நாளும் பட்டால் அந்த மணம் போய்விடும். வாங்கி வந்து அலமாரியில் பொக்கிஷம்போல் பூட்டி வைத்தால், சில மாதத்தில் பொக்கிஷம் வெறும் கசப்பு நீர்தான். கள்ளத்தனமாகக் கை மாறி, வெயிலில் கிடந்து, கடல் கடந்து வரும் டப்பாவுக்கு நாலு மடங்கு விலை கொடுப்பவர் பெயரை மட்டும் குடிக்கிறார். வெஸ்ட்வ்லெட்டரன் 12 அப்படி அல்ல. புட்டிக்குள் ஈஸ்ட் உயிரோடு இருந்து மறுபடியும் நொதிக்கும் பீர் அது. இருட்டில் வைத்தால் ஆண்டுகள் தாங்கும். சுவை மெல்ல மாறிக்கொண்டும் வரும். அதைத் தேடி அலைபவருக்காவது ஒரு சமாதானம் இருக்கிறது.

இந்த அலைச்சலுக்கு அர்த்தம் உண்டா என்று கேட்டால், எதைத் தேடி அலைகிறார் என்பதைப் பொறுத்தது. புட்டியைப் படம் எடுத்து நண்பர்களிடம் காட்டுவதற்கு என்றால், ஒரு பிடி காலி மூடிகளே போதும். ருசிக்காக என்றால், வாட்டு பீரில் பத்துக்கு ஒன்பது பங்கு கிடைத்துவிடும். மீதி ஒரு பங்கு புட்டிக்குள் இல்லை. அது அந்த ஹாப்ஸ் தோட்டத்துச் சாலையிலும், மடத்து மணி ஓசையிலும் இருக்கிறது. அதைத் தரகனிடம் வாங்க முடியாது.

மடத்துக்கு எதிரே 'இன் டே வ்ரேடே' என்று ஒரு காப்பிக் கடை இருக்கிறது. 'அமைதியிலே' என்று பொருள். முன்பதிவு, நம்பர், டெலிபோன் எதுவும் வேண்டாம். உட்கார்ந்து ஒரு கோப்பை கேட்டால் கொண்டுவந்து வைப்பார்கள். மடத்துப் பாலாடைக்கட்டியும் கிடைக்கும். சில நாட்களில் இருப்பு இருந்தால் ஆறு புட்டிப் பொட்டலம் ஒன்றும் கையோடு வாங்கி வரலாம். இல்லையென்று சொல்லிவிட்டால் கவலையில்லை. வாட்டுக்குப் போகும் சாலை எது என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.