நாட்டுத் துப்பாக்கி: குழலுக்குள் தங்கும் உப்பு

மலிவாகவும் பார்வைக்கு விகாரமாகவும் இருக்கும் ஒரு துப்பாக்கியை நம்பலாமா என்னும் கேள்வி அமெரிக்காவில் கைத்துப்பாக்கிகளைப் பற்றி எழுவது. தமிழ்நாட்டில் அதே கேள்விக்கு உரிய பொருள், கல்வராயன் மலையிலும் சுற்றுமலைகளிலும் காவல்துறையினர் அவ்வப்போது கைப்பற்றும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கியாகும். கைப்பற்றியவற்றை மேசைமேல் வரிசையாக அடுக்கி எடுக்கும் படங்களில் அது நாளிதழ் வாசகர் அனைவருக்கும் பழக்கமானது. கரடுமுரடாகச் செதுக்கிய அடிக்கட்டை, கட்டுக்கம்பியாலோ தகட்டுப் பட்டையாலோ அதனோடு பிணைத்த நீண்ட குழல், கையால் அராவிய சுத்தியல் ஆகியவற்றைக் கொண்டு, தொழிற்சாலையின் முத்திரையோ வரிசை எண்ணோ இன்றி இருக்கும் அக்கருவியைக் கண்டவர், அது சுடுமா என்று ஐயுறுவது இயல்பு. ஆனால் அது சுடும். பெரும்பாலும் நன்றாகவே சுடும். அதன் தீமை வேறோர் இடத்தில் இருக்கிறது.

விகாரத்தையும் நம்பகத்தையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது என்பதற்கு உலக வரலாற்றிலேயே சான்றுகள் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது 1942இல், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் முகவிளக்குப் பிரிவு, அழுத்தி மடித்த தகடுகளைக் கொண்டு லிபரேட்டர் என்னும் ஒருகுண்டுக் கைத்துப்பாக்கியைச் சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 10 லட்சம் எண்ணிக்கையில் செய்து முடித்தது. ஒவ்வொன்றுக்கும் ஆன செலவு இரண்டரை டாலருக்கும் குறைவு. பின்னர், அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் மலிவான அயல்நாட்டுக் கைத்துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுத்தபோது, லாஸ் ஏஞ்சலிஸ் நகரைச் சுற்றித் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துத் துப்பாக்கி செய்யும் சிறு நிறுவனங்கள் முளைத்தன. அவற்றைக் கட்டுப்படுத்த விரும்பிய தென் கரோலினா, இல்லினாய் முதலிய மாநிலங்கள், துப்பாக்கியின் உலோகம் எந்த வெப்பநிலையில் உருகுகிறது என்பதையே அளவுகோலாக்கிச் சட்டம் இயற்றின.

இன்று ஓஹியோ மாநிலத்தில் தயாராகும் ஹை-பாயின்ட் துப்பாக்கியின் பருத்த தோற்றம் பலரது ஏளனத்துக்கு ஆளானதாயினும், அத்தோற்றத்துக்குக் காரணம் இயற்பியலே. குண்டு முன்னே பாயும்போது அதே உந்தம் துப்பாக்கியின் மேற்பகுதியில் முன்னும் பின்னும் நகரும் சட்டத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. விலையுயர்ந்த துப்பாக்கிகளில், குண்டு வெளியேறும்வரை சட்டத்தையும் குழலையும் ஒன்றாகப் பூட்டிவைக்கும் நுட்பமான அமைப்பு உண்டு. அப்பூட்டு இல்லாத மலிவுத் துப்பாக்கியில், சட்டத்தின் எடையும் சுருள்வில்லுமே அந்த வேலையைச் செய்தாக வேண்டும் என்பதால், சட்டம் கனத்துப் பெருக்கிறது. அசையும் உறுப்புகள் குறைவாக இருப்பதால் பழுதாகக்கூடிய இடங்களும் குறைவு. துப்பாக்கி யார் கையில் இருந்தாலும் அதன் ஆயுள் முழுவதும் பழுது நீக்கித் தருவதாக அந்நிறுவனம் உறுதியும் அளிக்கிறது. அங்கே மலிவுக்குப் பின்னால் ஒரு பொறுப்பாளர் நிற்கிறார். கல்வராயன் மலைத் துப்பாக்கிக்கு அப்படி ஒருவர் இல்லை.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. கள்ளக்குறிச்சி, சேலம் முதலிய மாவட்டங்களில் பரவியது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இம்மலையின் நிர்வாக மையம் வெள்ளிமலை. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர், காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் தம் முன்னோர் என்னும் மரபுக்கதையை உடையவர்கள். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தவர்கள். சாமையும் மக்காச்சோளமும் மரவள்ளியும் விளையும் இவர்களுடைய காடுகளில் இரவில் இறங்கும் பன்றிக்கூட்டம், மண்ணைக் கிளறிக் கிழங்கைத் தின்றுவிட்டுப் போகும்போது, ஆறு மாத உழைப்பு ஓரிரவில் அழிகிறது. துப்பாக்கியின் வேர் இந்த இரவுகளில் இருக்கிறது. அதனோடு வேட்டையும், சில இடங்களில் விற்பனைக்கான இறைச்சியும் சேர்ந்துகொண்டன என்பதையும் மறைப்பதற்கில்லை.

இத்துப்பாக்கி இயங்கும் முறை எளிது. கருமருந்தும் ஈய ரவையும் குழலின் வாய் வழியே இறங்கி அடியில் தங்குகின்றன. குழலின் பின்புறம் உள்ள சிறு துளைக்காம்பின்மீது கேப்பு என்னும் செப்புத் தொப்பி அமர்கிறது. விசையை இழுத்ததும் சுத்தியல் தொப்பியை அடிக்க, அதிலெழும் பொறி துளைவழியே மருந்தைச் சேர்கிறது. அடித்தால் வெடிக்கும் வேதிப்பொருளைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் எண்ணத்துக்கு 1807இல் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். அதற்கு முந்திய சிக்கிமுக்கிக்கல் துப்பாக்கியோடு ஒப்பிட்டு 1834இல் இங்கிலாந்தின் உல்விச்சில் நடந்த சோதனையில், ஆறாயிரம் முறை சுட்டதில் கல் துப்பாக்கி 922 முறை பொய்த்தது. கேப்புத் துப்பாக்கியோ 36 முறை மட்டுமே பொய்த்தது. மலையூர்த் துப்பாக்கியின் நற்பெயர் இந்த வேறுபாட்டிலிருந்து வருவதே. செய்தவர் கை எவ்வளவு கரடானாலும், அதன் அடிப்படை அமைப்பு இரண்டு நூற்றாண்டுகளாகத் தேர்ந்தது.

ஆனால் நம்பகம் என்னும் சொல்லுக்குள் இரண்டு வேறு பண்புகள் அடங்கியுள்ளன. விசையை இழுத்தால் ஒவ்வொரு முறையும் சுடுவது ஒன்று. சுடும் ஒவ்வொரு முறையும் சுடுபவரைக் காயப்படுத்தாதிருப்பது மற்றொன்று. நாட்டுத் துப்பாக்கியில் முதற்பண்பு நிலைத்திருக்கும்போதே இரண்டாவது பண்பு ஓசையின்றித் தேய்ந்துபோகிறது. இதன் காரணம் மருந்தின் வேதியியலில் உள்ளது.

வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த கருமருந்து எரியும்போது முழுவதும் வாயுவாகிவிடுவதில்லை. அதன் நிறையில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி, பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட், சல்பைடு முதலிய திண்மங்களாக மாறி, ஒரு பங்கு வெண்புகையாய் வெளியேற, மறுபங்கு கரிய பசையாய்க் குழலின் உட்சுவரில் படிகிறது. பொட்டாசியம் கார்பனேட் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துத் தானே கரையும் இயல்புடையது. பழைய வகைக் கேப்புகளில் சேரும் பொட்டாசியம் குளோரேட்டோ, எரிந்தபின் பொட்டாசியம் குளோரைடாக, அதாவது சமையலுப்புக்கு நெருங்கிய உறவுடைய ஓர் உப்பாக எஞ்சுகிறது. இந்த உப்புக்கலவை எஃகின்மீது ஈரத்தோடு ஒட்டிக்கிடக்கும்போது துரு மேற்பரப்போடு நிற்பதில்லை. சிறுசிறு குழிகளாய் உள்நோக்கி அரிக்கிறது. எண்ணெய் பூசுவதால் உப்பு நீங்குவதில்லை என்பதையும், நீர் ஒன்றே அதைக் கரைக்கும் என்பதையும் அறிந்திருந்த அக்காலப் படையினர், சுட்டு முடித்ததும் வெந்நீர் ஊற்றிக் குழலைக் கழுவி, உலர்த்தி, அதன் பின்னரே எண்ணெயிட்டனர். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மேகம் தரையைத் தொட்டு நகரும் மலையூர்களில், சட்டத்துக்கு அஞ்சிக் கூரைக்குள்ளும் புதருக்குள்ளும் ஒளித்துவைக்கப்படும் துப்பாக்கிக்கு இத்தகைய பராமரிப்பு கிடைப்பது அரிது.

குழலின் அடிப்பகுதியில்தான் அழுத்தம் மிகுதி. மருந்து தங்குவதும் படிவு திரள்வதும் அங்கேயே என்பதால், மிகத் தடிப்பாக இருக்கவேண்டிய இடமே முதலில் மெலிகிறது. குழல் பெரும்பாலும் துப்பாக்கிக்கென உருவாகாத, வேறு பணிக்கெனச் செய்யப்பட்ட குழாயாக இருக்கும். தகட்டை வளைத்துப் பற்றவைத்த குழாயாயின் நீளவாட்டில் ஓடும் பற்றுவரியே அதன் பலவீனமான கோடு. உட்சுவரின் குழிகள் வெளியே தெரிவதில்லை. ஆகவே இருபது ஆண்டுகளாக ஒருமுறையும் பொய்க்கவில்லை என்று ஒரு துப்பாக்கியைப் பற்றிக் கூறப்படுமானால், அது இருபது ஆண்டு அரிப்பின் கணக்கும் ஆகும். உரிமையாளரின் நம்பிக்கை வளர வளரக் குழலின் சுவர் மெலிந்துகொண்டே வருகிறது. இந்த முரணை உணராமல், பழகிய துப்பாக்கி புதியதைவிடப் பாதுகாப்பானது என்று கருதுவது மிகக் கொடிய பிழை. குழல் வெடிக்கும்போது அதற்கு மிக அருகில் இருப்பவை, அதைத் தாங்கிப் பிடிக்கும் இடக்கையும் குறிபார்க்கும் கண்ணுமே.

முறையாகத் தயாராகும் துப்பாக்கியை இந்த விபத்திலிருந்து காப்பது அழகும் விலையும் அல்ல, சோதனையே. லண்டன் துப்பாக்கிக் கம்மியர் சங்கம் 17ஆம் நூற்றாண்டிலிருந்தும், பர்மிங்காமின் சோதனைச்சாலை 1813இலிருந்தும், ஒவ்வொரு குழலிலும் வழக்கத்தைவிட மிகுதியான மருந்தை இட்டுச் சுட்டு, தாங்கிய குழலுக்கு மட்டும் முத்திரை பொறித்துவந்தன. சந்தையில் மண்பானை வாங்குபவர் விரலால் தட்டி ஓசை கேட்டபின் காசு கொடுப்பதைப் போன்றது இது. வேறுபாடு என்னவெனில், இங்கே தட்டுவதற்குப் பதிலாக உடைக்கவே முயன்று பார்க்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் மீர் காசிம் தலைநகராக்கிய பீகாரின் முங்கேர், இன்றளவும் துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்கே உரிமம் பெற்ற பட்டறைகளும் உண்டு, கட்டா என்னும் உரிமமற்ற நாட்டுக் கைத்துப்பாக்கியைச் செய்யும் மறைவிடங்களும் உண்டு. கைத்திறன் இரு சாராரிடமும் ஒன்றேயாயினும், சோதனையும் முத்திரையும் ஒரு சாராரிடம் மட்டுமே இருக்கின்றன. கல்வராயன் மலைக் குழலை முதன்முதலாகச் சோதித்துப் பார்ப்பவர் அதைக் கன்னத்தில் அணைத்துச் சுடும் உழவரே.

இவ்விடத்தில் சட்டத்தைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க இயலாது. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் உரிமமற்ற துப்பாக்கியைக் குற்றமாக்குகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அத்தகைய துப்பாக்கியை வைத்திருப்பதற்கு ஈராண்டுக்குக் குறையாத சிறையும், செய்வதற்கு ஏழாண்டு முதல் ஆயுள்வரை சிறையும் விதிக்கப்படலாம். ஆனால் அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கென ஒருவர் வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கி வேண்டி விண்ணப்பித்தால், சட்டம் கூறும் தடைகள் இல்லாதவிடத்து உரிமம் அளிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. சட்டம் இயற்றியவர்கள் மலையுழவரை மறக்கவில்லை. விண்ணப்பமும் விசாரணையும் புதுப்பித்தலும் எந்த அலுவலகத்தில், எத்தனை நாள் கூலியை இழந்து நடக்கும் என்பதையே பின்வந்தவர்கள் மறந்தார்கள். உரிமம் கிடைத்தாலும் விலங்கைச் சுடும் உரிமை அதோடு வந்துவிடுவதில்லை. அதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியே ஆள்கிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, காப்புக்காட்டு எல்லைக்கு 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடுவதற்கு வழி செய்தது. காட்டின் விளிம்பிலேயே வயல் கிடக்கும் மலையூர்களுக்கு அதனால் விளையும் பயன் மிகச் சிறிது. அவர்களுக்கு வேண்டியது வேலியும், அலைக்கழிக்காமல் கையில் சேரும் இழப்பீடும். 2024இல் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் பல உயிர்களைக் குடித்த பின்னரே, சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையை விசாரிக்கத் தொடங்கியது. சாவு நேர்ந்தபின் திரும்பும் கவனம், பயிர் அழியும் இரவுகளின்மீதும் திரும்பியிருக்க வேண்டும்.

துப்பாக்கியைத் தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று காவல்துறை மலையூர்களில் கெடு வைத்து அறிவிப்பது நல்ல வழக்கம். அதில் கவனிக்கப்படாத ஓர் ஆபத்தும் உண்டு. வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கியில் மருந்து இருக்கிறதா என்பதைப் பார்த்து அறிய இயலாது. கேப்பைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி வெறுமையாகிவிட்டது என்று எண்ணுவோர் பலர். 1863இல் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் திரட்டிய 27,574 துப்பாக்கிகளில் ஏறத்தாழ 24,000 துப்பாக்கிகள் மருந்தோடு கிடந்தன. அவற்றில் பாதியில் மருந்தும் குண்டும் இருமுறை கெட்டிக்கப்பட்டிருந்தன. ஒன்றில் 23 முறை. போரின் இரைச்சலில், தம் துப்பாக்கி வெடிக்கவில்லை என்பதையே அறியாமல் வீரர்கள் மேலும் மேலும் கெட்டித்திருக்கிறார்கள். கருமருந்து உலர்ந்த நிலையில் காலத்தால் வலுவிழப்பதும் இல்லை. அதே போர்க்காலத்துப் பீரங்கிக் குண்டு ஒன்று, 2008இல் வர்ஜீனியா மாநிலத்தில் அதைத் துப்புரவு செய்த சேகரிப்பாளரைக் கொன்றது. ஆகவே பாட்டன் காலத்துத் துப்பாக்கியைக் கூரையிலிருந்து எடுப்பவர், அது மருந்தோடு இருப்பதாகவே கொள்ள வேண்டும். அதன் குழலுக்குள் கம்பியை விட்டுக் குத்திப் பார்ப்பதும், அடுப்புக்கருகே சாய்த்துவைப்பதும், பையில் சுருட்டிப் பேருந்தில் ஏற்றிக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோவதும் கூடாது. துப்பாக்கியை இருந்த இடத்திலேயே விட்டு, பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டு, காவலருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். வருகின்ற காவலரும், வெடிபொருள் அறிந்தவர் பார்க்கும்வரை அதைப் படத்துக்காக மேசைமேல் அடுக்காதிருக்க வேண்டும்.