கட்டுமரமும் கேட்டமரானும்

‘கேட்டமரான்’ என்றால் இன்று ஆங்கிலம் பேசுவோருக்கு இரட்டை உடல் கொண்ட படகு. 1697-இல் ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையைப் பற்றி எழுதியபோது அந்தப் பெயருக்கு உரியது வேறு: லேசான கட்டை ஒன்றோ இரண்டோ. பாயில்லை, சுக்கானில்லை. ஏறியவனின் கால்கள் எப்போதும் தண்ணீருக்குள்.

மூன்று நான்கு கட்டைகளைக் கயிற்றால் வரிந்து கட்டிய மரங்களும் இருந்தன. இடுக்கில் புகுந்த அலை அப்படியே வழிந்துவிடும். நீர் நிரம்பி மூழ்க அதில் குழிவே கிடையாது. கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளை வெயிலில் காயப்போடுவார்கள். துறைமுகம் கட்டுவதற்கு முன்பு சென்னையில் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டன. கப்பலின் சொந்தப் படகுகள் நுழைய அஞ்சிய அலையைக் கடந்து கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள்தான். கடிதம் நனையாமல் தலைக்குல்லாய்க்குள் இருக்கும். எத்தனை பெரிய நம்பிக்கை அவர்கள்மேல்!

ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ ஆகிவிட்ட ‘கட்டுமரம்’ என்ற சொல் பட்ட பாடு தனி. 1804-இல் பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க, அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் ஃபுல்டனின் திட்டப்படி வெடிமருந்துப் பெட்டிகளை மிதக்கவிட்டது பிரிட்டன். அவற்றுக்கும் இதே பெயர். 19-ஆம் நூற்றாண்டில் சண்டைக்காரப் பெண்ணை ஏசவும் இதையே சொன்னார்கள். முதல் அசையில் பூனையின் ஆங்கிலப் பெயர் ஒலித்தது காரணமாக இருக்கலாம்.

1876-இல் நியூயார்க் பந்தயத்தில் நத்தானியேல் ஹெரஷாஃபின் இரட்டை உடல் படகு ‘அமரில்லிஸ்’ மற்றவற்றை எளிதாக முந்தியது. அத்தகைய படகுகளைப் பந்தயத்திலிருந்தே விலக்கினார்கள். இரட்டை உடல் படகுகளில் நெடுங்காலமாகக் கடலோடியவர்கள் பசிபிக் தீவினர். அவர்களுடைய வடிவத்தின்மேல் நம் கரையின் பெயர் போய் அமர்ந்துகொண்டது. 1990-இல் ஆஸ்திரேலியாவில் கட்டிய 74 மீட்டர் அலுமினிய கேட்டமரான் அட்லாண்டிக்கை மூன்றரை நாளுக்குள் கடந்தது.

நம் கரையில் இன்று பைபர் படகுதான் கண்ணில் படுகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்தவையும் பெரும்பாலும் பைபர்தான். இன்ஜின் இருக்கிறது, தொலைவு போகலாம், கூடுதல் மீன் ஏற்றலாம். மீனவர் அதை விரும்பியதில் தவறேதும் இல்லை. ஆனால் மரத்தைத் தேர்ந்து, இழைத்து, முடிச்சுப் போட்ட கைகளுக்கு வேலை குறைந்துவிட்டது. கட்டத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்தக் கட்டை நடுவில், எது ஓரத்தில், கயிறு எப்படிச் சுற்ற வேண்டும் என்று அவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.