அங்கி அகன்ற பள்ளிக்கூடம்

டப்ளின் நகரின் வடபாகத்தில், வடக்கு ரிச்மண்ட் வீதி என்னும் சிறிய தெருவில், ஓர் ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் இருக்கிறது. 1828-ஆம் வருஷம் ஜூன் மாதம் 9-ந் தேதி அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டியவர் டானியல் ஓகானல். ஐரிஷ் கத்தோலிக்கர்களின் ஒப்பற்ற தலைவரும், அக்காலத்து வக்கீல்களில் தலைசிறந்தவருமான அம்மனிதரின் பெயரையே அப்பள்ளி இன்றும் தாங்கி நிற்கிறது. அதை நிறுவி வளர்த்தவர்கள் கிறிஸ்தவ சகோதரர்கள் என்ற துறவு சபையினர். ஒரு காலத்தில் கறுப்பு அங்கி அணிந்த சகோதரர்களே அங்கே தலைமை வகித்தார்கள், வகுப்பும் நடத்தினார்கள். இன்று பாடம் சொல்லுகிறவர்கள் சம்சாரிகளான உபாத்தியாயர்கள். பள்ளி கத்தோலிக்கப் பள்ளியாகவே இருக்கிறது; அங்கி அகன்றுவிட்டது.

ஒரு நம்பிக்கையை வளர்ப்பதற்கென்றே ஏற்பட்ட பள்ளியில், அந்த நம்பிக்கைக்காக வாழ்க்கையைத் துறந்த ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக மறைந்துவிட்டால், அந்த நம்பிக்கை எங்கே தங்கும்? பெயர்ப் பலகையிலா? டிரஸ்ட் பத்திரத்திலா? உபாத்தியாயரின் மனத்திலா? இக்கேள்வி அயர்லாந்துக்கு மட்டும் உரியதன்று. ஆனால் அயர்லாந்தில் அது முற்றிப் பழுத்திருப்பதால், அங்கே நடந்ததை ஆராய்வது எல்லோருக்கும் பயன் தரும்.

இச்சபையின் வரலாறு ஒரு வியாபாரியிடம் தொடங்குகிறது. எட்மண்ட் இக்னேஷியஸ் ரைஸ் 1762-ல் பிறந்தவர்; வாட்டர்போர்டு துறைமுகத்தில் வர்த்தகம் செய்து பெரும் பொருள் ஈட்டியவர். 1789-ல் அவருடைய மனைவி காலமானாள். கையில் ஒரு பெண் குழந்தை. துக்கத்தில் ஆழ்ந்த மனம், நகரத்துத் தெருக்களில் கந்தையோடு திரிந்த சிறுவர்களின் பக்கம் திரும்பிற்று. 1802-ல் ஒரு குதிரை லாயத்தில் அவர்களுக்கு இலவசப் பள்ளி வைத்தார். கத்தோலிக்கன் பள்ளிக்கூடம் நடத்துவதே குற்றம் என்றிருந்த கொடுஞ்சட்டம் தளர்ந்து அப்போது 20 வருஷந்தான் ஆகியிருந்தது. 1808-ல் அவரும் அவருடைய தோழர்களும் துறவு விரதம் பூண்டனர். 1820-ல் போப்பாண்டவர் சபையை அங்கீகரித்தார்.

இவர்கள் குருமார்கள் அல்லர் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். பூசை நடத்தும் அதிகாரம் இவர்களுக்கு இல்லை. மணத்தையும் சொத்தையும் சுயேச்சையையும் துறந்து, ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதையே வாழ்நாள் விரதமாகக் கொண்ட உபாத்தியாயர்கள் இவர்கள். ஆகவே இச்சபையில் உத்தியோகம் வேறு, பக்தி வேறு என்ற பேதமே எழவில்லை. பாடம் சொல்லுவதே ஜபம், உபாத்தியாயரே பள்ளி.

ஓகானல் கல் நாட்டிய மறு வருஷம், 1829-ல், அவருடைய மகத்தான கிளர்ச்சியின் பயனாகக் கத்தோலிக்கர் விமோசனச் சட்டம் பிறந்தது. பார்லிமெண்டின் கதவு கத்தோலிக்கர்களுக்குத் திறந்தது. ஆனால் அதே சட்டத்தின் பிற்பகுதியில் வேறு சில ஷரத்துக்கள் ஒளிந்து கிடந்தன. ஆண் துறவு சபைகள் படிப்படியாக ஒழிய வேண்டும் என்றும், அவற்றில் புதிதாக ஆள் சேர்ப்பது குற்றம் என்றும் அவை கூறின. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கும் சாமர்த்தியம் பிரிட்டிஷ் ஆட்சிக்குப் புதிதன்று. நல்ல வேளையாக, அந்த ஷரத்துக்கள் ஏட்டுச் சுரைக்காயாகவே நின்றன. சட்டம் ஒழிக்கச் சொன்ன சபை நூறு வருஷத்துக்கு மேல் தழைத்தது. ஒழிக்க எவரும் நினைக்காத காலத்தில் அது தானே தேய்ந்தது. இந்த விசித்திரத்தில்தான் நமக்கு வேண்டிய பாடம் அடங்கியிருக்கிறது.

அது தழைத்ததன் இரகசியம் தியாகம். 1831-ல் சர்க்கார் தேசீயப் பள்ளித் திட்டத்தை ஏற்படுத்திற்று. பணம் வரும், ஆனால் மத போதனைக்குக் கட்டுப்பாடும் கூடவே வரும். சில பள்ளிகளில் அதைச் சோதித்துப் பார்த்த சகோதரர்கள், 1836-ல் விலகிக்கொள்ளத் தீர்மானித்தார்கள். சர்க்கார் பணத்தை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அவர்களுக்கு எப்படி வந்தது? சம்பளம் வாங்காத உபாத்தியாயர்கள் அவர்களிடம் இருந்தார்கள், அதனால் வந்தது. சுதந்திர நாட்டில் சர்க்கார் சம்பளம் கொடுக்க ஆரம்பித்த பின்னும், சகோதரருக்குச் சேரவேண்டிய பணம் சபையின் பொது நிதிக்கே போயிற்று.

அந்தப் பள்ளிகளில் பக்தியோடு தேச பக்தியும் வளர்ந்தது. ஐரிஷ் பாஷையும் ஐரிஷ் சரித்திரமும் அங்கே மதிப்புப் பெற்றன. பாட்ரிக் பியர்ஸ் டப்ளினில் இச்சபையின் வெஸ்ட்லண்ட் ரோ பள்ளியில் படித்தவர். டி வலேராவும் கிராமத்துச் சிறுவனாக இச்சபையின் சார்ல்வில் பள்ளியில் பயின்றவர். 1916-ஆம் வருஷம் மே மாதம் 8-ந் தேதி டப்ளின் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்ட நால்வரில் ஏமன் கியாண்ட், கான் கோல்பர்ட், ஷான் ஹூஸ்டன் ஆகிய மூவரும் வடக்கு ரிச்மண்ட் வீதிப் பள்ளியின் பழைய மாணாக்கர்கள். ஒரே பள்ளியிலிருந்து ஒரே நாளில் மூன்று உயிர்கள்! பிற்காலத்தில் ஜனாதிபதியான ஷான் டி. ஓகெல்லியும், பிரதம மந்திரியான ஷான் லெமாஸும் அங்கே படித்தவர்களே. அடிமைப்பட்ட ஒரு தேசத்துக்கு இதைவிடப் பெரிய உபகாரம் ஒரு பள்ளிக்கூடம் செய்துவிட முடியாது.

இம்மட்டோடு நிறுத்தினால் நாம் பாதி உண்மையையே சொன்னவர்களாவோம். மற்றப் பாதி கசப்பானது. அநாதைகளும் ஏழைகளுமான சிறுவர்களுக்கென்று இதே சபை தொழிற்பள்ளிகளை நடத்திற்று. அவற்றில் பெரியது டப்ளினில் 1870 முதல் 1969 வரை இருந்த ஆர்டேன் பள்ளி. சர்க்கார் நியமித்த விசாரணைக் கமிஷன், நீதிபதி ஷான் ரயனின் தலைமையில், 2009-ஆம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி தன் அறிக்கையை வெளியிட்டது. அப்பள்ளிகளில் அடியும் உதையும் அன்றாட முறையாக இருந்தன என்றும், சிறுவர்கள் பாலியல் கொடுமைக்கு ஆளாயினர் என்றும், மேலோர் அதை அறிந்தும் குற்றவாளிகளை இடம் மாற்றினார்களே அன்றிப் போலீசாரிடம் ஒப்புவிக்கவில்லை என்றும் அது கூறிற்று. சபை கோர்ட்டுக்குப் போனதன் விளைவாக, அறிக்கையில் குற்றஞ்செய்தோரின் உண்மைப் பெயர்கள் இடம்பெறவில்லை.

உபாத்தியாயரை ஊர் மாற்றுவது என்ற சாதாரண நிர்வாகக் காரியம் எத்தகைய பாவத்துக்குத் திரையாக அமைய முடியும் என்பதை இங்கே காண்கிறோம். ஓர் ஊர்ச் சிறுவர்கள் தப்பினார்கள். அடுத்த ஊர்ச் சிறுவர்கள் அகப்பட்டார்கள். அங்கி பக்தியின் சின்னம் என்று நம்பிய ஜனங்கள், அங்கிக்குள் இருந்த மனிதனைச் சோதிக்கத் துணியவில்லை. சுதந்திரம் பெற்ற சர்க்காரும் துணியவில்லை. அந்நிய ஆட்சியில் தேசத்தைக் காத்த சபை என்ற நன்றியுணர்ச்சி, சுய ஆட்சியில் கண்களை மறைத்தது. இதுவே நமது நெஞ்சில் தைக்கிற செய்தி.

சகோதரர்கள் குறைந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாவது வத்திக்கான் பொதுச் சங்கம், சாதாரண இல்லறத்தாரும் திருச்சபையின் பணியில் சமபங்கு உடையவர்கள் என்று வற்புறுத்திற்று. 1967-ல் அயர்லாந்தில் இலவச உயர்தரக் கல்வி வந்தது. மாணாக்கர் தொகை பெருகிற்று. சம்பளத்துக்கு அமர்த்தும் உபாத்தியாயர்களும் பெருகினர். கெட்டிக்காரனான ஏழைப் பையனுக்கு முன்பு துறவு சபையே கல்விக்கும் கௌரவத்துக்கும் வழியாயிருந்தது. இப்போது வேறு வழிகள் திறந்தன. கடைசியாகக் கொடுமைகளின் செய்தி வெளிவந்தபோது, மிச்சமிருந்த மதிப்பும் சரிந்தது. 2016-ல் ஜனத்தொகையில் 79 சதவிகிதமாக இருந்த கத்தோலிக்கர்கள், 2022-ஆம் வருஷக் கணக்கில் 69 சதவிகிதமானார்கள்.

2008-ல் சபையினர் தங்கள் 90-க்கும் மேற்பட்ட பள்ளிகளை எட்மண்ட் ரைஸ் பள்ளிகள் டிரஸ்டிடம் ஒப்புவித்தனர். டிரஸ்டின் சாசனத்தில் ஐந்து கொள்கைகள் இருக்கின்றன. நம்பிக்கையையும் சுவிசேஷ ஒழுக்கத்தையும் பேணுவது அவற்றில் முதலாவது. ஆனால் சாசனம் எழுதுவது எளிது. அதைச் சுமக்கும் உபாத்தியாயர் இப்போது விரதம் பூண்டவர் அல்லர்; சர்க்கார் சம்பளம் பெறும் உத்தியோகஸ்தர். அவருடைய நம்பிக்கையை எப்படி அளப்பது?

பழைய வழி சொந்த வாழ்க்கையைத் துருவிப் பார்ப்பது. நியூ ராஸ் என்ற ஊரில் ஒரு கன்னியர் மடத்துப் பள்ளியின் ஆசிரியை, மனைவியைப் பிரிந்த ஒருவரோடு வாழ்ந்து தாயானார் என்பதற்காக 1982-ல் விலக்கப்பட்டார். 1985-ல் ஹைகோர்ட்டும் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1998-ஆம் வருஷத்து உத்தியோகச் சமத்துவச் சட்டத்தின் 37-வது பிரிவு, மத ஸ்தாபனங்களின் இந்த அதிகாரத்துக்கு இடம் விட்டது. 2015-ல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டு, பொதுப் பணம் பெறும் பள்ளிகளில் அதற்குக் கடிவாளம் போடப்பட்டது. ஓர் ஆசிரியையின் இல்லறத்தை இவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்த அதே காலத்தில்தான், சிறுவர்களைத் துன்புறுத்தியவர்கள் ஊர் விட்டு ஊர் மாற்றப்பட்டார்கள். நீதியின் தராசு எவ்வளவு கோணலாயிருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அங்கி போய்விட்டால் ஆபத்தும் போய்விடும் என்று கருதுவதும் பிழை. கார்க் ஜில்லாவில் ஒரு கத்தோலிக்கத் தேசீயப் பள்ளியில் 1973-ல் ஒரு சிறுமியைக் கெடுத்த தலைமை உபாத்தியாயர் துறவி அல்லர், இல்லறத்தார். 1971-லேயே பள்ளி மானேஜரான குருவிடம் அவரைப்பற்றி ஒரு புகார் வந்திருந்தது. அது மேலே போகவில்லை. பள்ளி எங்களுடையதன்று என்று சர்க்கார் வாதாடிற்று. 2008-ல் அயர்லாந்தின் சுப்ரீம் கோர்ட் அதை ஒப்புக்கொண்டது. ஆனால் 2014-ஆம் வருஷம் ஜனவரி 28-ந் தேதி ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட், குழந்தைகளைக் காக்கும் கடமையைச் சர்க்கார் பிறர் தலையில் கட்டித் தப்ப முடியாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. 2024-ஆம் வருஷம் செப்டம்பரில் வெளிவந்த மற்றொரு அறிக்கையில், துறவு சபைகள் நடத்திய 308 பள்ளிகளில் 884 பேர்மீது 2,395 குற்றச்சாட்டுக்கள் பதிவாகியிருந்தன.

இவ்விஷயத்தில் நமக்கும் அக்கறை உண்டு. 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-ல் திருச்சிக்கு வந்த செயின்ட் ஜோசப் கல்லூரியை இயேசு சபையார் வளர்த்தனர். அயர்லாந்திலேயே தோன்றிய பாட்ரிக் சகோதரர் சபை 19-ஆம் நூற்றாண்டிலேயே சென்னைக்கு வந்து பள்ளி நடத்திற்று. இந்துவும் முஸ்லிமும் அவர்களிடம் கற்றுப் பெரியவர்களானார்கள். அந்நன்றியை நாம் மறவோம். நமது அரசியல் சட்டத்தின் 30-வது ஷரத்து, சிறுபான்மையோர் தங்கள் கல்வி ஸ்தாபனங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையை அளிக்கிறது. அவ்வுரிமை போற்றற்குரியது. ஆனால் நிர்வகிக்கும் உரிமை என்பது கணக்குக் கேட்கப்படாத உரிமை என்று பொருள்படாது. இது கத்தோலிக்கப் பள்ளிக்கு மட்டும் நாம் கூறும் வார்த்தையன்று. மடங்கள் நடத்தும் பள்ளிகளுக்கும், தனவந்தர்கள் நடத்தும் பள்ளிகளுக்கும் ஒருங்கே பொருந்தும்.

வடக்கு ரிச்மண்ட் வீதியின் கேள்விக்கு நமது விடை இதுதான். நம்பிக்கை அங்கியில் இருந்ததாக ஜனங்கள் எண்ணினார்கள்; அது ரைஸ் லாயத்துக்குள் அழைத்து வந்த அந்தக் கந்தைச் சிறுவனிடம் வைத்த அன்பில் இருந்தது. அச்சிறுவனைச் சபை தன் முதல் கவலையாகக் கொண்டிருந்தவரையில், பேரரசின் சட்டமும் அதை அசைக்க முடியவில்லை. அவனைவிடச் சபையின் நற்பெயர் பெரிதென்று கருதிய நாளில், அதன் அஸ்திவாரம் ஆட்டங்கொடுத்தது. இன்று அங்கே கரும்பலகையின் முன் நிற்கும் உபாத்தியாயர் எவ்வளவு முறை கோயிலுக்குப் போகிறார் என்று டிரஸ்டிகள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வகுப்பின் கடைசி வரிசையில் இருக்கும் ஏழைப் பையன் அவரிடம் பயமின்றித் தன் குறையைச் சொல்ல முடிகிறதா, சொன்னால் அது கேட்கப்படுகிறதா என்று பார்க்கட்டும். முடிகிறதென்றால் ஓகானல் நாட்டிய கல் உறுதியாகவே இருக்கிறது. முடியவில்லையென்றால், ஆயிரம் அங்கிகள் திரும்பி வந்தாலும் அப்பள்ளியைக் காப்பாற்ற முடியாது.