பழைய ஜீப்புக்கு டீசல் என்ஜினா?... ஆர்.சி. புக்கை முதல்ல எடுத்துப் பாருங்க!

போடி: போடி மெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆளையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு முக்கி முக்கி ஏறும் பழைய ஜீப்புகளில் பல, பிறந்தபோது இருந்த என்ஜினோடு இப்போது இல்லை. பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு டீசல் என்ஜினை மாட்டிக்கொண்டவை. வால்பாறை, ஊட்டி, கொடைக்கானல் என்று மலையும் எஸ்டேட்டும் இருக்கும் ஊர்களில் எல்லாம் இதே கதைதான்.

இன்றைக்கும் பழைய வில்லீஸ் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கியவர்கள் பட்டறையில் கேட்கும் முதல் கேள்வி, "எந்த டீசல் என்ஜின்ணே போடலாம்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. போடலாமா, கூடாதா?

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகன சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு முரணாக ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியில் கை வைக்கக் கூடாது என்கிறது. 2000-ம் ஆண்டு திருத்தத்தில் இது இறுக்கப்பட்டது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்ட திருத்தத்தில் தண்டனையும் கூடியது. அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்.

கேஸ் கிட் மாட்டுகிறார்களே என்று கேட்கலாம். அங்கீகாரம் பெற்ற சி.என்.ஜி., எல்.பி.ஜி. கிட்டுகளுக்கு விதிமுறை தனியாக உண்டு. பழைய இரும்புக் கடையில் வாங்கிய டீசல் என்ஜினை பெட்ரோல் ஜீப்பில் தூக்கி வைப்பது அந்தக் கணக்கில் வராது.

அதனால் கையில் இருக்கும் ஆர்.சி. புக்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதில் எரிபொருள் 'டீசல்' என்று இருந்தால் பாதி கவலை தீர்ந்தது. பழுதான என்ஜினுக்குப் பதில் அதே கம்பெனி, அதே வகை என்ஜினைப் போட்டு, ஆர்.டி.ஓ. அனுமதியோடு புது என்ஜின் நம்பரை ஏற்றிக்கொள்வதுதான் நேர்வழி. பல வருடங்களுக்கு முன்பே மாற்றி, ஆர்.சி.யில் முறைப்படி டீசல் என்று பதிவான ஜீப்புகளும் சந்தையில் உண்டு. விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அதை வாங்குவது புத்திசாலித்தனம்.

ஆர்.சி.யில் 'பெட்ரோல்' என்று இருந்தால்? என்ஜினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டும். முடியாது என்று சொன்னால் அதோடு விட்டுவிட்டு, இருக்கும் பெட்ரோல் என்ஜினையே போர் அடித்து, புது பிஸ்டன் போட்டு ஓட்டுவதுதான் வழி. "எல்லாம் பாத்துக்கலாம்ணே" என்று புரோக்கர் சொல்வதை நம்பக் கூடாது. மலைப்பாதையில் ஜீப் உருண்டு ஆளுக்கு அடிபட்டால், என்ஜின் நம்பர் ஒத்துப்போகவில்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம். அப்போது வீட்டை விற்றுத்தான் நஷ்ட ஈடு கட்ட வேண்டி வரும்.

எந்த என்ஜின் பொருந்தும்?

வில்லீஸ் சி.ஜே.3பி ஜீப்பில் வந்தது 2,199 சி.சி. ஹரிக்கேன் பெட்ரோல் என்ஜின். 4 ஆயிரம் ஆர்.பி.எம். வரை சுற்றும். இந்த மாடலில் பானட் உயரமாக இருப்பதற்குக் காரணமே அந்த என்ஜினின் உயரம்தான். அதனால் உயரமான டீசல் என்ஜினும் இதில் ஓரளவு அடங்கிவிடும். தாழ்ந்த பானட் உள்ள முந்தைய மாடல்களில் பானட்டை வெட்ட வேண்டிய நிலை வரும்.

மகிந்திரா ஜீப்புகளில் பிறகு வந்தவை பியூஜோ டீசல் என்ஜின்கள். எம்.எம்.540-ல் இருந்தது 2,112 சி.சி. எக்ஸ்.டி.பி. என்ஜின், 62 குதிரைத்திறன். அதன் பெரிய அண்ணன் 2,498 சி.சி. எக்ஸ்.டி.3.பி. இவை நன்றாகச் சுற்றும், அதிர்வு குறைவு. ஆனால் குளிர்ந்த காலையில் ஹீட்டர் பிளக் சூடாகும் வரை காத்திருக்க வேண்டும். ஊட்டி பனியில் ஒரு ஹீட்டர் பிளக் போனாலும் வண்டி மக்கர் பண்ணும்.

அடுத்து வந்த 2,523 சி.சி. எம்.டி.ஐ. என்ஜின், சிலிண்டருக்குள் நேரடியாக டீசலை அடிக்கும் ரகம். மைலேஜ் நன்றாக இருக்கும். சத்தமும் உதறலும் அதிகம். லோடு இழுக்க இதுதான் என்பது மலைப்பகுதி டிரைவர்களின் கட்சி.

மெட்டடார் வேனில் வந்த மெர்சிடிஸ் வடிவமைப்பு 2.4 லிட்டர் என்ஜினும் ஜீப்புகளுக்குப் பிடித்தமானது. மென்மையான என்ஜின். ஆனால் மகிந்திரா கியர் பாக்ஸோடு சேர்க்க அடாப்டர் பிளேட் தேவை. அம்பாசிடரின் 1,489 சி.சி. டீசலை சல்லிசாகக் கிடைக்கிறது என்று வாங்கிப் போட்டவர்களும் உண்டு. ஏற்றத்தில் ஐந்து பேரை வைத்து இழுக்க அதற்குத் தெம்பு கிடையாது.

காமன் ரெயில் என்ஜின் போடலாமே என்பார்கள் இளசுகள். கம்ப்யூட்டர் பெட்டி, சென்சார், ஒயரிங் மொத்தமும் கூடவே வர வேண்டும். காட்டு ஓடையில் இறங்கி ஏறும் வண்டிக்கு அது வேண்டாத தலைவலி.

வேகத்தை தின்னும் பல் கணக்கு

பலர் கோட்டை விடும் இடம் ஆக்சில். பழைய வில்லீஸ் ஆக்சிலின் விகிதம் 5.38. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற, டாப் கியரில் என்ஜின் 5.38 சுற்று சுற்ற வேண்டும். 16 அங்குல ரிம்மில் வரும் பழைய 6.00 டயர் ஒரு சுற்றுக்கு சுமார் 2.2 மீட்டர் ஓடும். 4 ஆயிரம் ஆர்.பி.எம். சுற்றும் பெட்ரோல் என்ஜினில் மணிக்கு 98 கி.மீ. கிடைக்கும். 3,200 சுற்றும் டீசலில் 78 கி.மீ. டிராக்டர் என்ஜின் மாதிரி 2,200-ல் நிற்கும் என்ஜினைப் போட்டால் 54 கி.மீ.தான். அதற்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் கத்துமே தவிர ஓடாது.

எம்.எம்.540 ஆக்சிலின் 4.88 விகிதம் கிடைத்தால் அதே 3,200 சுற்றில் 86 கி.மீ. வரை வரும். முன்னும் பின்னும் ஒரே விகிதமாக மாற்ற வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு போர் வீல் போட்டால் டிரான்ஸ்பர் கேஸ் உடையும்.

வில்லீசின் 3 கியர் பெட்டியும் டீசலின் உதையைத் தாங்காது. என்ஜினோடு அதன் கிளட்ச், பெல் ஹவுசிங், கியர் பாக்ஸ் மூன்றையும் சேர்த்து ஒரே வண்டியில் இருந்து வாங்குவதே மேல். லேத் பட்டறையில் அடாப்டர் பிளேட் போட்டால், கிராங்க் மையமும் கியர் ஷாப்ட் மையமும் நூல் பிடித்த மாதிரி ஒரே நேர்கோட்டில் இருக்கணும். இம்மி விலகினாலும் ஆயில் சீல் போகும், கியர் தானாக நழுவும். இறக்கத்தில் கியர் நழுவினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பிரேக்கை மறக்காதீங்க

டீசல் என்ஜின் எடை கூடுதல். முன்பக்க ஸ்பிரிங் பட்டை தொய்ந்தால், பள்ளத்தில் விழும்போது ஆக்சில் வந்து சம்ப்பில் இடிக்கும். கூடுதல் பட்டை ஒன்று போட வேண்டும்.

ஜிப்சி மாதிரி பூஸ்டர் உள்ள வண்டிகளில் ஆபத்து இன்னும் பெரியது. பெட்ரோல் என்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தில்தான் அந்த பூஸ்டர் வேலை செய்கிறது. டீசலில் அந்த வெற்றிடம் கிடைக்காது. ஆல்டர்னேட்டரோடு வரும் வாக்குவம் பம்ப் கட்டாயம் தேவை. அது இல்லாமல் ஓட்டினால் பிரேக் பெடல் கல் மாதிரி இருக்கும்.

ரேடியேட்டர், பெரிய பேட்டரி, டீசல் டேங்குக்குத் திரும்பும் குழாய், தண்ணீர் பிரிக்கும் பில்டர், என்ஜினை அணைக்கும் ஸ்டாப் கேபிள்... இதெல்லாம் சில்லறைச் செலவுதான். ஆனால் சில்லறை சேர்ந்து பெரிய தொகையாகிவிடும்.

லாபம் உண்டா?

பெட்ரோல் விலைக்கும் டீசல் விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருந்த காலத்தில் இந்த மாற்றம் கொள்ளை லாபம். 2010-ல் பெட்ரோலுக்கும், 2014-ல் டீசலுக்கும் அரசு விலைக் கட்டுப்பாடு போனது. 2024 மார்ச் விலைக் குறைப்புக்குப் பின் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய் 75 காசு, டீசல் 92 ரூபாய் 34 காசு. வித்தியாசம் 8 ரூபாய் சொச்சம்தான்.

பெட்ரோலில் லிட்டருக்கு 7 கி.மீ., டீசலில் 12 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், மாதம் 500 கி.மீ. ஓடும் வண்டியில் மிச்சம் சுமார் 3,300 ரூபாய். மாற்றும் செலவு 2 லட்சம் என்றால் போட்ட காசை எடுக்க 5 வருடம். மாதம் 1,500 கி.மீ. ஓடும் எஸ்டேட் வண்டிக்கு 20 மாதம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுபவருக்கு இது லாபமே இல்லை.

ஏற்கனவே டீசலாக மாற்றிய ஜீப்பை வாங்குவோர், என்ஜின் பிளாக்கில் பொறித்த நம்பரைத் துடைத்துப் பார்த்து ஆர்.சி.யோடு ஒப்பிட வேண்டும். அந்த என்ஜின் வாங்கிய பில்லையும் கேட்டு வாங்கி வைக்க வேண்டும், திருட்டு வண்டி என்ஜினாக இருந்தால் சிக்கல் வாங்கியவருக்குத்தான். புகை பரிசோதனையில் பழைய டீசல் வண்டிகளுக்கான உச்ச வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு. அதைத் தாண்டினால் பம்ப், நாசில் செலவு இருக்கிறது. காலையில் குளிர்ந்த என்ஜினை நம் கண் முன்னால் ஸ்டார்ட் பண்ணச் சொல்லணும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ரேடியேட்டரைத் தொட்டாலே தெரிந்துவிடும்.